மூச்சுத் திணறும் பலவீனமான நோயாளியைத் தலை முதல் கால் வரை பரிசோதிப்பது எப்படி: செவிலியருக்கான முழு வழிகாட்டி

நர்சிங் படிக்கும்போது இந்தப் பரிசோதனையை நாம் பெரும்பாலும் சக மாணவர் மேல்தான் பழகுகிறோம். உட்காரச் சொன்னால் உட்காருவார், திரும்பச் சொன்னால் திரும்புவார், மூச்சை இழுத்து விடச் சொன்னால் பத்து முறைகூட விடுவார். வார்டில் படுத்திருப்பவர் அப்படி இல்லை. 65 வயதைத் தாண்டியவர், பல வருடப் பீடிப் பழக்கம், சி.ஓ.பி.டி. (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள், இப்போது நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிலில் புரண்டு படுத்தாலே இளைக்கிறது. அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் எந்த நாள் பார்த்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். இந்த வழிகாட்டி முழுக்க அவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

புத்தகத்தில் உள்ள வரிசையை அப்படியே அவரிடம் செய்யப் போனால், பாதியிலேயே அவர் களைத்துவிடுவார். களைத்த பிறகு எடுக்கும் அளவுகள் நோயைக் காட்டுவதைவிட, நாம் கொடுத்த அலைச்சலைத்தான் அதிகம் காட்டும். அதனால் வரிசையை அவருடைய மூச்சிடம் விட்டுவிடுங்கள். தொடாமல் தெரிந்துகொள்ளக் கூடியதை எல்லாம் முதலில் முடித்துவிட வேண்டும். உட்கார வைப்பதோ திருப்புவதோ ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையிலேயே முதுகுப் பக்கம் பார்க்க வேண்டிய அத்தனையையும் பார்த்துவிட வேண்டும். மிச்சத்தைத் தவணையாகச் செய்யலாம், தவறில்லை. காலையில் மார்பு, மருந்து கொடுக்கும்போது வாய், உடல் துடைக்கும்போது தோலும் காலும் என்று பிரித்துக்கொண்டால் நோயாளிக்கும் சிரமம் குறையும், நமக்கும் விட்டுப்போகாது.

படுக்கைக்குப் போகும் முன்

கேஸ் ஷீட்டில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். ஆக்சிஜன் எத்தனை லிட்டர் எழுதியிருக்கிறது, எந்த அளவுக்குள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்? கடைசியாக நெபுலைசேஷன் (மருந்தை ஆவிபோல் மாற்றி மூச்சில் இழுக்க வைப்பது) கொடுத்தது எத்தனை மணிக்கு? போன ஷிஃப்டில் எடுத்த அளவுகள் என்ன? சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா?

நெபுலைசேஷன் நேரம் ஏன் முக்கியம் என்றால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்துக்கு நாடித்துடிப்பு கூடும், விரல் நடுங்கும். அதே வேலையைச் செய்யும் டெரிஃபிலின் ஊசியும் துடிப்பைக் கூட்டும். இது தெரியாமல் 116 துடிப்பைப் பார்த்தால் வேறு எங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

சளி முடிவு வராதவரை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரைக் காசநோய் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே அணுகுங்கள். நீங்கள் என்95 மாஸ்க் போடுங்கள். அவருக்கு முடிந்தால் சாதாரண சர்ஜிகல் மாஸ்க். திணறுகிறவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூட ஒரு துணி கொடுங்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: விநாடி முள் உள்ள கடிகாரம், ஸ்டெதாஸ்கோப், பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, தெர்மாமீட்டர், டார்ச், அளவு நாடா, கூடுதலாக இரண்டு தலையணை. உடன் இருக்கும் உறவினரையும் நில்லுங்கள் என்று சொல்லி வையுங்கள், தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்படும். ஸ்டெதாஸ்கோப்பின் முகப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் போங்கள். சில்லென்று பட்டால் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

தொடாமல் பார்ப்பது

கட்டிலின் கால்மாட்டில் அரை நிமிடம் நில்லுங்கள். அவசரப்பட்டு மேலே போர்வையை விலக்காதீர்கள்.

எப்படி உட்கார்ந்திருக்கிறார்? இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, முன்னால் குனிந்து, தோளைத் தூக்கி வைத்திருந்தால் அவர் மூச்சுக்காகவே உட்கார்ந்திருக்கிறார். அந்த நிலையை நாம் மாற்றக் கூடாது. உதட்டைக் குவித்து ஊதுவது போல மூச்சு விடுகிறாரா? மூக்குத் துவாரம் விரிகிறதா? கழுத்துத் தசைகள் கயிறாகத் தெரிகின்றனவா? மூச்சு உள்ளே போகும்போது வயிறு மேலே வர வேண்டும். அதற்கு மாறாக உள்ளே போனால் உதரவிதானம் களைத்துப் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் பரிசோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் பேச்சு கொடுங்கள். "ஐயா, ராத்திரி தூங்கினீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும். "எங்கம்மா தூங்கறது, படுத்தா அடைக்குது, உக்காந்தேதான் இருந்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நிலைமை பரவாயில்லை. "படுத்தா..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "அடைக்குது..." என்று நிறுத்தினால், ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதலாம். "மூச்சுத் திணறல் உள்ளது" என்று பொதுவாக எழுதுவதைவிட இது அடுத்த ஷிஃப்டுக்கு எவ்வளவோ உதவும், ஏனென்றால் அவர்களும் அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பதில் பொருத்தமாக இருக்கிறதா என்பதையும் இங்கேயே கவனித்துவிடலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று எந்த ஊர், என்ன கிழமை என்று தடுமாறினால், வயசானவர் அப்படித்தான் என்று கடந்துபோகாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் குழம்பும், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தாலும் குழம்பும், நோய்த்தொற்று ரத்தத்தில் பரவினாலும் குழம்பும். முதலில் பரபரப்பு, அப்புறம் தூக்கக் கலக்கம் என்று மாறினால் அவர் அமைதியாகிவிட்டார் என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். அது மோசமாவதன் அடையாளம்.

கட்டிலைச் சுற்றியும் ஒரு பார்வை. ஆக்சிஜன் ஃப்ளோமீட்டரில் பந்தின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறது? டியூப் கட்டிலின் சக்கரத்தில் மாட்டி மடங்கவில்லையே? சளி துப்பும் கப்பில் என்ன இருக்கிறது?

சளியைப் பார்க்க அருவருப்புப் படக் கூடாது, அது நிறையச் சொல்லும். வெள்ளையாகக் கோழையாக இருந்தால் பழைய சளி நோயின் வழக்கமான நிறம். மஞ்சளும் பச்சையும் தொற்றை நோக்கிக் காட்டும். துருப்பிடித்த நிறம் நிமோனியாவில் வரும். ரோஸ் நிறத்தில் நுரையாக வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, அது அவசர நிலை. ரத்தக் கோடு தெரிந்தால் காசநோயையும் புற்றுநோயையும் நினைக்க வேண்டும். நிறத்தோடு அளவையும், நாற்றம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

மூச்சை எண்ணுவது

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்திருப்பது காரணத்தோடுதான். வார்டு சார்ட்டுகளைப் புரட்டினால் வரிசையாக 20, 20, 20 என்று இருக்கும். எல்லா நோயாளிக்கும் எல்லா நேரத்திலும் 20 இருக்க முடியாது. நிலைமை கெடும்போது பல சமயம் ரத்த அழுத்தத்துக்கு முன்பாகவே மூச்சின் எண்ணிக்கைதான் மாறும். அந்த ஒரு எண்ணை ஊகித்து எழுதினால், முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நாமே விட்டுவிடுகிறோம்.

முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரே ஒரு மூச்சை எண்ணத் தவறினாலும் கணக்கில் நான்கு குறையும். மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்னதும் அவர் தன்னை அறியாமல் மாற்றிவிடுவார். மணிக்கட்டில் நாடி பிடித்தபடியே மார்பையோ வயிற்றையோ பாருங்கள். போர்வைக்குள் அசைவு தெரியாவிட்டால் நாடி பிடித்த அவர் கையையே மார்பின் மேல் வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்2 மதிப்பெண் முறையில் 21 முதல் 24 வரை இருந்தால் 2 புள்ளி, 25ஐத் தொட்டாலே 3 புள்ளி. 8 அல்லது அதற்குக் கீழே போனாலும் 3 புள்ளிதான். வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவருடைய எண்ணிக்கை திடீரென்று குறைந்து, கண்ணும் சொக்கினால், அவர் தேறவில்லை, களைத்துவிட்டார்.

எண்ணிக்கையோடு ஆழம், ஒழுங்கு, மூச்சை வெளியே விட எடுக்கும் நேரம் ஆகியவற்றையும் பாருங்கள். வீசிங் உள்ளவர்களுக்கு வெளிமூச்சு நீளும்.

மற்ற அளவுகள்

ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் விரலைப் பாருங்கள். நகப் பாலிஷ், அடர்ந்த மருதாணி, சில்லிட்ட விரல், நடுக்கம், அதே கையில் பி.பி. பட்டை இறுக்கியிருப்பது எல்லாமே அளவைக் கெடுக்கும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கருவி காட்டும் நாடித்துடிப்பு நீங்கள் கையால் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். நம் ஊரில் இதை மறக்கக் கூடாது. எண் 94 என்று காட்டுகிறது, ஆள் திணறுகிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாமல் எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் அந்த எண் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 92 என்பது வெறும் காற்றில் ஒரு பொருள், 6 லிட்டரில் வேறு பொருள்.

பெரும்பாலோருக்கு 94 முதல் 98 வரை வைத்திருக்கலாம். சி.ஓ.பி.டி. முற்றி, கார்பன் டை ஆக்சைடு தேங்கக் கூடியவர்களுக்கு 88 முதல் 92 போதும். "ஏன் சிஸ்டர், 90தானே காட்டுது, கூட்டி வைங்க" என்று உறவினர் பதறுவார்கள். பொறுமையாக விளக்குங்கள். அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அவருக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கமே வரலாம். அதற்காக 80இல் இருப்பவருக்கு ஆக்சிஜன் கொடுக்கப் பயப்படவும் கூடாது. குறைவுதான் சீக்கிரம் உயிரை எடுக்கும். முகம் மூடும் சாதாரண மாஸ்க் போட்டிருந்தால் 5 லிட்டருக்குக் குறைக்காதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். குறைந்த அளவு வேண்டுமென்றால் மூக்கில் வைக்கும் டியூபோ, ஆக்சிஜன் சதவீதத்தைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தும் வென்சுரி மாஸ்க்கோதான் சரி.

நாடியை எண்ணுவதோடு ஒழுங்காக வருகிறதா என்றும் பாருங்கள். நுரையீரல் நோயாளிகளிடம் தாளம் தப்பிய துடிப்பு அடிக்கடி காணப்படும். ரத்த அழுத்தத்தைப் படுக்க வைக்காமல், அவர் சாய்ந்திருக்கும் நிலையிலேயே கையை இதய மட்டத்தில் தாங்கி எடுங்கள். வேகமாக வாயால் மூச்சு விடுகிறவருக்கு வாயில் தெர்மாமீட்டர் வைக்காதீர்கள், அளவு குறைத்துக் காட்டும். அக்குளில் வைத்தால் அக்குள் என்று எழுதுங்கள். வயதான, மெலிந்தவருக்குக் கடுமையான நிமோனியாவிலும் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். உடல் சில்லிட்டுப் போவதும் எச்சரிக்கைதான்.

தலை, முகம், வாய்

தலைமுடி, உச்சந்தலை இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். பின்தலையில் அழுத்தப் புண் இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள்.

கீழ் இமையை இழுத்து வெளுப்பைப் பாருங்கள். ரத்தசோகை உள்ளவரிடம் நீலம் பாய்வது தெரியாமலே போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். மொத்த ஹீமோகுளோபினே 7 உள்ளவரிடம் அது தெரியும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். கறுத்த நிறத்தவரிடம் நீலத்தை நாக்கிலும் உள் உதட்டிலும் தேடுங்கள். நாக்கு நீலமாக இருந்தால் அது உடல் முழுவதற்குமான குறை. விரல் நுனி மட்டும் நீலம் என்றால் குளிராகவோ ரத்த ஓட்டக் குறைவாகவோ இருக்கலாம். வெள்ளை விழியில் மஞ்சள் தெரிந்தால், காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மூக்கில் டியூபின் முனை உரசிப் புண் ஆகியிருக்கிறதா? காதுக்குப் பின்னால் பாருங்கள், டியூப் அறுத்த தடம் அங்கேதான் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. என்.ஐ.வி. (தொண்டைக்குள் குழாய் போடாமல் இயந்திரத்தால் மூச்சுக்கு உதவுவது) மாஸ்க் போட்டிருந்தால் மூக்குத் தண்டின் மேல் சிவந்திருக்கும். பஞ்சோ ஒட்டும் பட்டையோ வைத்து அழுத்தத்தைக் குறையுங்கள்.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடியுங்கள். வாயால் மூச்சு விடுகிறவருக்கு நாக்கின் மேல்பக்கம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நாக்குக்கு அடியிலும் காய்ந்திருந்தால்தான் நீர்ச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பதென்றால் முதியவருக்குப் புறங்கை உதவாது, மார்பெலும்பின் மேல் பாருங்கள். தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டு இருந்து, துடைத்தால் அடியில் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளிக்காதவர்களுக்கு இது வரும்.

விழுங்குகிறாரா என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் மட்டும். இருமினாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல மாறினாலோ வாய்வழி எதுவும் கொடுக்காமல் நிறுத்திவிட்டுத் தெரிவியுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் இதை முயலவே கூடாது. கஞ்சியை ஊற்றிவிடலாம் என்று வீட்டார் முனைவார்கள், பாசத்தில் செய்வதுதான், ஆனால் அது நேராக நுரையீரலுக்குள் போகும்.

கழுத்து

தலைமாட்டை 45 பாகைக்கு உயர்த்தி வைத்துக் கழுத்துச் சிரையைப் பாருங்கள். மார்பெலும்பின் மேட்டிலிருந்து 3 செ.மீ.க்கு மேல் துடிப்பு தெரிந்தால் வலப்பக்க இதயம் சுமை தாங்காமல் இருக்கலாம். நெடுநாள் நுரையீரல் நோயின் விளைவுகளில் அது ஒன்று.

ஆள்காட்டி விரலை மார்பெலும்புக் குழியில் மென்மையாக வைத்து மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா என்று உணருங்கள். நெஞ்சறையில் நீரோ காற்றோ நிறைய சேர்ந்தால் அது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நுரையீரல் சுருங்கினாலோ பழைய காசநோய்த் தழும்பு இருந்தாலோ அந்தப் பக்கமே இழுக்கும். புதிதாக விலகியிருப்பதோடு திடீர்த் திணறலும் ரத்த அழுத்தச் சரிவும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குரல்வளையின் கீழ் வளையத்துக்கும் மார்பெலும்புக் குழிக்கும் இடையே இயல்பாக மூன்று விரல் இடம் இருக்கும். சி.ஓ.பி.டி.யில் நுரையீரல் ஊதிப்போய் அந்த இடைவெளி குறையும்.

கழுத்திலும் காறையெலும்புக்கு மேலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

மார்பு

ஸ்கிரீனை இழுத்து மறையுங்கள். தேவைப்படும் பகுதியை மட்டும் திறவுங்கள்.

முன்பக்கத்தை அவர் சாய்ந்திருக்கும் நிலையிலேயே பார்க்கலாம். மார்புக்கூட்டின் முன்பின் அகலம் இயல்பாகப் பக்கவாட்டு அகலத்தில் பாதியளவுதான் இருக்கும். இரண்டும் சமமாகி உருண்டு தெரிந்தால் காற்று உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. மூச்சு இழுக்கும்போது கீழ் விலா எலும்புகள் வெளியே விரிய வேண்டும். முற்றிய சி.ஓ.பி.டி.யில் அவை உள்ளே இழுபடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏறி இறங்குகிறதா? இரண்டு உள்ளங்கையையும் பக்கவாட்டில் பதித்து, கட்டை விரல்கள் நடுவில் தொடும்படி வைத்து, ஒரே ஒரு ஆழ்ந்த மூச்சு விடச் சொல்லுங்கள். எந்தப் பக்கக் கட்டை விரல் குறைவாக நகர்கிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. தோலுக்கடியில் நறநறவென்று காற்றுக் குமிழ் விரலில் தட்டுப்பட்டால் உடனே சொல்லுங்கள்.

இனி ஸ்டெதாஸ்கோப். வழக்கமாக மேலிருந்து கீழே வருவோம். பலவீனமானவரிடம் நான் கீழிருந்துதான் தொடங்குவேன், அதுவும் முதுகுப் பக்கம். நுரையீரலின் கீழ் மடல் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. படுத்தே கிடப்பவருக்குச் சளி தேங்குவதும், நிமோனியா பிடிப்பதும், நீர் சேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். மேலிருந்து தொடங்கினால் அங்கே வந்து சேரும்போது அவரிடம் ஆழ்ந்து மூச்சு விடத் தெம்பு இருக்காது. இன்னொன்றும் உண்டு. படுத்துக் கிடந்து அடைத்துப்போன காற்றறைகள் முதல் இரண்டு மூன்று மூச்சிலேயே திறந்துகொள்ளும். அந்த முதல் மூச்சின் சத்தத்தை அங்கே வைத்துத்தான் கேட்க முடியும்.

உட்கார வைக்கும் முறை இது. உறவினர் முன்னால் நின்று தோளைத் தாங்கட்டும். மடியில் தலையணை வைத்து, கைகளைக் குறுக்கே கட்டி அதை அணைத்துக்கொண்டு முன்னால் சாயச் சொல்லுங்கள். கார்டியாக் டேபிள் இருந்தால் அதன் மேல் சாயலாம். தோள்பட்டை எலும்புகள் விலகி முதுகு நன்றாகத் திறக்கும். உட்காரவே முடியாதவரை ஒரு பக்கமாகத் திருப்பிக் கேளுங்கள். அப்போது கீழே அழுந்தியிருக்கும் பக்கத்தில் சத்தம் குறைவாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

"ஐயா, வாயைத் திறந்து மெதுவா மூச்சு விடுங்க" என்று சொல்லி ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு மூச்சு, இடது வலது என்று மாற்றி மாற்றி ஒப்பிடுங்கள். தெம்பு மிகக் குறைவாக இருந்தால் ஆறு இடம் போதும். முதுகில் கீழே இரண்டு, அக்குளுக்குக் கீழே இரண்டு, முன்னால் காறையெலும்புக்குக் கீழே இரண்டு. வலது நடு மடலின் சத்தம் முன்பக்கமும் அக்குளருகிலும்தான் கேட்கும் என்பதால் அந்தப் பக்கத்தை விடாதீர்கள். மூன்று நான்கு மூச்சுக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

காதருகே தலைமுடியை விரலால் உருட்டிக் கேட்டால் வரும் சத்தம்தான் மெல்லிய கரகரப்பு. நுரையீரல் நீரிலும் நுரையீரல் தழும்பிலும் அது கேட்கும். தடித்த கொரகொரப்பு பெரிய குழாய்ச் சளி, இருமச் சொன்னால் மாறும் அல்லது மறையும். அதனால் இருமுவதற்கு முன்னும் பின்னும் கேளுங்கள். வெளிமூச்சில் விசில் போல வந்தால் வீசிங். கழுத்திலேயே உள்மூச்சில் சத்தம் கேட்டால் மேல் மூச்சுக்குழாய் அடைக்கிறது, அது அவசரம். ஒரு பக்கக் கீழ்ப்பகுதியில் சத்தமே இல்லை, தட்டினால் மந்தமாக இருக்கிறது என்றால் நீர். சத்தமில்லை, தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது என்றால் காற்று. நிமோனியாவில் கெட்டிப்பட்ட பகுதியில் சத்தம் குறையாமல், குழாய்க்குள் ஊதுவது போல உரக்கவே கேட்கலாம்.

வீசிங் நின்றுவிட்டது என்று எழுதுவதற்கு முன் ஆளைப் பாருங்கள். திணறல் குறைந்து சத்தமும் குறைந்தால் நல்லது. திணறல் அப்படியே இருந்து சத்தம் மட்டும் போயிருந்தால் காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள்.

அவர் முன்னால் சாய்ந்திருக்கும் இந்த நேரத்திலேயே முதுகெலும்பு, இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதி, பிட்டம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அழுத்தப் புண்ணின் முதல் படி. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும்தான் காட்டிக்கொடுக்கும். இடுப்புக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். படுத்தே இருப்பவருக்கு நீர் கணுக்காலில் சேராமல் முதுகின் அடியில்தான் சேரும். விரிப்பை மாற்ற வேண்டுமானால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

இதயம், வயிறு

இதயச் சத்தம் ஊதிய நுரையீரலால் மங்கலாகக் கேட்கும். மார்பெலும்பின் கீழ்முனைக்கு அடியில் வைத்தால் தெளிவாக வரும்.

வயிற்றைப் பார்ப்பதற்கென்று மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். 30 பாகை சாய்விலேயே முழங்காலை லேசாக மடக்கினால் போதும். முதலில் பார்ப்பது, அடுத்து கேட்பது, அப்புறம்தான் தொடுவது. வயிறு உப்பியிருந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு இன்னும் திணறும். மலச்சிக்கலை யாரும் மூச்சோடு சேர்த்து நினைப்பதில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும். முக்கும்போதும் இளைக்கும். விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் தட்டுப்பட்டால் வீங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஊதிய நுரையீரல் அதைக் கீழே தள்ளியிருக்கலாம். இப்ராட்ரோப்பியம் நெபுலைசேஷன் பெறும் வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம். அடிவயிற்றில் மேடு இருக்கிறதா, கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதை முன்பே சொல்லி வைத்தால் ரத்தம் போகிறது என்று பயப்பட மாட்டார்.

கையும் காலும்

இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகத்தையும் எதிரெதிரே ஒட்டி வைத்தால் நடுவே சிறிய வைர வடிவ இடைவெளி தெரியும். அது தெரியாவிட்டால் விரல் நுனி பருத்திருக்கிறது. சி.ஓ.பி.டி. மட்டும் இருந்தால் இது வராது. வந்திருந்தால் நுரையீரல் புற்றுநோய், மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் தழும்பு போன்ற வேறு ஏதோ இருக்கிறது என்று குறித்துக் காட்டுங்கள். நகத்தை 5 விநாடி அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

கையை நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவது போல மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். கை படபடவென்று கீழே விழுந்து எழுந்தால், கூடவே உள்ளங்கை சூடாகவும் நாடி துள்ளலாகவும் இருந்தால், கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. சால்பியூட்டமால் நடுக்கம் மெல்லியது, இது வேறு. ஐ.வி. லைன் போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் பலம் தெரியும். எடை பார்க்க நிற்க முடியாதவருக்கு மேல்கையின் நடுச் சுற்றளவை அளவு நாடாவால் எடுக்கலாம். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் உடல் நிறை குறியீடு 20க்குக் குறைவாக இருக்கும் என்று கொள்ளலாம்.

காலில் இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு பக்கமும் என்றால் இதயம், சிறுநீரகம், புரதக் குறைவு. ஒரு கெண்டைக்கால் மட்டும் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்து, சூடாக வலித்தால் ரத்தக்கட்டி என்று சந்தேகியுங்கள். அந்தக் காலைத் தேய்த்துவிடவோ பாதத்தை மடக்கி வலி பார்க்கவோ வேண்டாம். கடைசியாகக் குதிகால், கட்டிலில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். ஐ.என்.எச். (ஐசோனியாசிட்) என்ற காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் பாதத்தில் எரிச்சல், மரமரப்பு உண்டா என்று கேளுங்கள், பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தேவைப்படலாம்.

காசநோய் உறுதியானவர் என்றால்

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், இந்தப் பரிசோதனையின் சில அளவுகளை மட்டும் எடுத்து உயிரைக் காப்பாற்றும் கருவியாக மாற்றியிருக்கிறது. நோய் கண்டறிந்ததும் உடல் நிறை குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருப்பது, மூச்சு 24க்கு மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழ், தாங்கல் இல்லாமல் நிற்க முடியாமை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட அவரை வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும். விலையுயர்ந்த ஸ்கேன் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆனால் மூச்சை ஊகித்து 20 என்று எழுதினால் இந்த வடிகட்டியில் அவர் நழுவிவிடுவார்.

எழுதுவதும் சொல்வதும்

செய்து முடித்த உடனே எழுதுங்கள். "நார்மல்" என்ற சொல்லைத் தவிர்த்து, பார்த்ததை எழுதுங்கள்: "வலது கீழ்ப்பக்கம் முதுகில் காற்று நுழைவு குறைவு, தடித்த கொரகொரப்பு, இருமிய பின்னும் மாறவில்லை." நியூஸ்2 கூட்டல் 5ஐத் தொட்டால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7ஐத் தொட்டால் அவசர நிலை. கூட்டல் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஒரு அளவுக்கு மட்டும் 3 புள்ளி வந்தால் அதையும் தெரிவியுங்கள்.

டியூட்டி டாக்டருக்கு போன் செய்யும்போது நோயாளியின் முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"சார், மெடிக்கல் வார்டு 14ஆம் பெட், சி.ஓ.பி.டி.யோட நிமோனியா. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி மூச்சு 22, ஆக்சிஜன் 90. இப்போ மூச்சு 28, ரெண்டு லிட்டர்ல 86. பல்ஸ் 112, பி.பி. 104/64, காய்ச்சல் 101. புதுசா குழம்பிப் பேசறார், கை படபடன்னு விழுது. வலது கீழ்ப்பக்கம் காற்று குறைஞ்சிருக்கு. நியூஸ் 13. நீங்க உடனே வந்து பார்க்கணும் சார். ஏ.பி.ஜி. எடுக்க ரெடி பண்ணவா?"

(ஏ.பி.ஜி. என்பது தமனி ரத்தத்தில் வாயு அளவுகளைப் பார்க்கும் பரிசோதனை.) டாக்டர் சொல்லும் உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ஆக்சிஜனைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஐந்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து எண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அரை மணி கழித்து மூச்சை மறுபடியும் முழு நிமிடம் எண்ணுங்கள், அதே கேள்வியைக் கேட்டு ஒரு மூச்சுக்கு எத்தனை வார்த்தை வருகிறது என்றும் பாருங்கள்.